உயிலில் வந்த வீடு, உள்ளே வாடகைதாரர்

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் உங்கள் அப்பா கட்டிய வீடு. உங்கள் பெயருக்கு உயில் எழுதி வைத்துவிட்டுக் காலமாகிவிட்டார். கீழ்த்தளத்தில் பல வருடங்களாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இப்போது அந்தப் பகுதி உங்களுக்கு வேண்டும். கேட்டால், “நாங்க உங்க அப்பாகிட்டதான் வீடு எடுத்தோம். நீங்க யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் கோபப்பட எதுவுமில்லை. நீதிமன்றமும் உங்களிடம் முதலில் அதைத்தான் கேட்கும். இந்த வகை வழக்கில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, நீங்கள்தான் இப்போது வீட்டுக்காரர். இரண்டு, வீட்டைத் திரும்பக் கேட்கச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் உங்களிடம் இருக்கிறது. மகன் கல்யாணம், சொந்தக் கடை, வாடகைப் பாக்கி என்று இரண்டாவதற்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள். வழக்கு சறுக்குவது பெரும்பாலும் முதலாவதில். அதனால் இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் வழக்குப் போடுவதற்கு முந்தைய வேலைதான்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

புதுச்சேரியில் கட்டட வாடகை வழக்குகள் 1969-ஆம் ஆண்டின் பாண்டிச்சேரி கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் கீழ் நடந்துவருகின்றன. வெளியேற்றத்துக்கான காரணங்கள் அதன் 10-ஆம் பிரிவில் உள்ளன. முன்சீப் நிலையிலுள்ள நீதிபதியே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியாக மனுவை விசாரிப்பார். அங்கே தோற்றவர் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கு மேல் சீராய்வு மனு, சென்னை உயர் நீதிமன்றத்தில்.

கடலூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் உறவினர் தங்கள் ஊர் அனுபவத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே பின்பற்றாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) புதுச்சேரிக்குப் பொருந்தாது. எழுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டால் இப்படி, அதிகாரி இவர் என்று அவர்கள் சொல்வதெல்லாம் அந்தச் சட்டத்தின் விதிகள்.

எச்சரிக்கை: 1969 சட்டம் கட்டடத்துக்கானது. உங்கள் அப்பா வெறும் மனையை வாடகைக்கு விட்டு, அதில் குடியிருப்பவரே வீடு கட்டிக்கொண்டிருந்தால் வழி வேறு. மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் கட்டம்: வீட்டுக்காரர் ஆவது

1. உயிலின் அசலைக் கையில் எடுங்கள். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது. அசல் பீரோவில் இல்லையென்றால் அப்பாவின் வழக்கறிஞர், பத்திரம் எழுதியவர், வங்கி லாக்கர் என்று தேடுங்கள். பதிவு செய்த உயிலாக இருந்தால், எழுதியவர் இறந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் பெறலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த நகல் அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும்தான். கிடைத்த அசலில் எதையும் எழுதாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், ஸ்டேப்ளர் முள்ளைக்கூடப் பிரிக்காதீர்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவாகாத உயிலும் செல்லும். எழுதியவர் இறந்த பிறகும் உயிலின்படி உரிமை கோருபவர் அதைப் பதிவுக்குக் கொண்டுபோகலாம். அதற்குக் காலக்கெடுவும் இல்லை. ஆனால் பதிவு முத்திரை விழுந்துவிட்டால் உயில் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. சாட்சி வைத்து நிரூபிக்கும் கடமை பதிவான உயிலுக்கும் அப்படியே இருக்கிறது.

2. உயிலைச் சட்டக் கண்ணால் படியுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63-ஆம் பிரிவின்படி எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த இருவரும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். இருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே வருகிறது. பிரெஞ்சு சிவில் சட்டப்படி, ஒருவர் உயில் முழுவதையும் தன் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டால் போதும், சாட்சி தேவையில்லை. பிரான்சில் வாழ்ந்த பெரியவர்கள் அந்தப் பழக்கத்தில் சாட்சியில்லாமல் எழுதி வைத்துவிட்டுப் போன உயில்கள் உண்டு. ஆனால் இந்தியாவில் உள்ள அசையாச் சொத்துக்கு வாரிசுரிமையைத் தீர்மானிப்பது இந்தியச் சட்டம். ஆகவே சாட்சியில்லாத அந்தத் தாளை நம்பி வெளியேற்ற மனு போட வேண்டாம். வாரிசு என்ற உரிமையில் போடலாமா என்று பாருங்கள் (படி 5).

1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு நிலை வேறு. இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு விரிவாக்கிய 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் குடும்பம் அந்த மரபு என்றால் இந்தப் புத்தகம் போதாது. பிரெஞ்சு வாரிசுரிமை தெரிந்த புதுச்சேரி வழக்கறிஞரைப் பாருங்கள்.

3. சாட்சிகளைத் தேடிப் பிடியுங்கள். இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான படி இது. உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 67.

வருகிறவர் வெறுமனே “ஆமாம், இது என் கையெழுத்துதான்” என்று சொன்னால் போதாது. பெரியவர் கையெழுத்திட்டதையும், தான் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டதையும், இன்னொரு சாட்சியும் அப்படியே கையெழுத்திட்டதையும் சொல்ல வேண்டும். 2002 இறுதியில் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கூண்டில் ஏறிய சாட்சி மற்றவரின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லத் தவறினார். உயிரோடு இருந்த அந்த இரண்டாவது சாட்சியை அழைக்கவும் இல்லை. உயில் நிரூபணமாகவில்லை என்று ஆகிவிட்டது.

செய்ய வேண்டியது:

அ) இரு சாட்சிகளின் இப்போதைய முகவரி, வயது, உடல்நிலை மூன்றையும் குறித்து வையுங்கள். ஊர் மாறிப் போயிருப்பவரை இப்போதே தேடுங்கள்.

ஆ) நேரில் போய் நடந்ததை அவர் நினைவிலிருந்தே கேளுங்கள். எங்கே எழுதினார்கள், யார் யார் இருந்தார்கள், பெரியவர் அப்போது எப்படி இருந்தார் என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் சொல்லிக் கொடுத்தது வெளியே வந்துவிடும். பொய்ச்சாட்சிக்குத் தண்டனையும் உண்டு.

இ) இருவரும் இறந்துவிட்டாலோ கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ வழி அடைபட்டுவிடவில்லை. ஒரு சாட்சியின் கையெழுத்தையும், உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் தெரிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். சாட்சியின் மகனோ, உடன் வேலை பார்த்தவரோ வரலாம். அவர்களுடைய கையெழுத்துள்ள பழைய ஆவணங்களையும் சேர்த்து வையுங்கள்.

ஈ) முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணத்துக்குச் சட்டம் தரும் சலுகையை உயிலுக்கு நம்பாதீர்கள். பழைய உயிலையும் சாட்சியத்தால்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

4. சொத்து விவரத்தை உயிலோடு பொருத்திப் பாருங்கள். தேங்காய்த்திட்டு பழைய நகரத்து வீதிக் கட்டத்துக்கு வெளியே, அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி வளர்ந்த ஊர். இந்தப் பக்கத்து ஆவணங்களில் மறு அளவை எண் ஒருபுறமும், பிரெஞ்சுக்காலத் தொடர்ச்சியான கேடஸ்டர் (நிலப் பதிவேட்டு) எண் மறுபுறமும் இருக்கும். அளவு ஒன்றில் குழியிலும், இன்னொன்றில் ஆர், சென்டியார் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். நான்கெல்லையில் பெயர் சொல்லப்பட்ட அண்டை வீட்டுக்காரர்கள் இப்போது இருக்கவே மாட்டார்கள்.

கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்: அப்பாவின் பெயரிலுள்ள மூலப் பத்திரம் (பிரெஞ்சு முறை நோட்டரியான நொத்தேர் எழுதியதானாலும் சரி), வில்லங்கச் சான்று, பட்டா, நகராட்சி வீட்டுவரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். உயிலில் ஒரு எண் பிழையாக இருந்தால் பதற வேண்டாம். எல்லையும் கதவிலக்கமும் பொருந்தினால் விளக்க முடியும். ஆனால் அந்தப் பிழையை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல், உங்கள் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

பட்டாவையும் வீட்டுவரியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றம் உரிமையைத் தராது. உரிமை உயிலிலிருந்து வருகிறது. ஆனாலும் வாடகைதாரரும் நீதிபதியும் முதலில் பார்ப்பது வரி ரசீதில் இருக்கும் பெயரைத்தான்.

5. உடன்பிறந்தவர்களிடம் பேசுங்கள். உயிலில் பங்கு கிடைக்காத அண்ணனோ தங்கையோதான் வாடகைதாரருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஆயுதம். “எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தால் வழக்கு பாதி லேசாகிவிடும்.

கொடுக்க மறுத்தால், இந்த ஒன்றை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்: மனுவில் உயில்வழி உரிமையோடு, மாற்றாக வாரிசுவழி உரிமையையும் சேர்க்க முடியுமா? இணை உரிமையாளர்களில் ஒருவர் மட்டுமே வெளியேற்ற வழக்குப் போடலாம் என்று ஸ்ரீராம் பஸ்ரிச்சா வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. மகனோ மகளோ மனைவியோ என்றால், உயிலில் சிக்கல் வந்தாலும் பங்குதாரர் என்ற நிலையில் மனு நிற்க வாய்ப்பு இருக்கிறது. மருமகளுக்கோ பேரனுக்கோ எழுதிய உயில் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது பிடி இருக்காது. அவர்கள் படி 3-ல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

“பூர்வீகச் சொத்தை அப்பா எப்படி உயில் எழுதலாம்?” என்றும் கேட்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி இந்து வழக்கத்தில் தந்தையே பூர்வீகச் சொத்துக்கும் முழு உடையவர். பிறப்பால் மகனுக்குப் பங்கு என்பது அங்கே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே 1963 அக்டோபர் 1-இல்தான் வந்தது. சொத்து குடும்பத்துக்கு எப்போது, யார் வழியாக வந்தது என்ற தேதிகளைத் தாளில் எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள். பதில் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

புரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வேண்டுமா? புதுச்சேரியில் எழுதப்பட்டு, புதுச்சேரிச் சொத்தை மட்டும் குறிக்கும் இந்து உயிலுக்குப் புரோபேட் கட்டாயமாக இருந்ததில்லை. சென்னை மாநகர எல்லைக்குள் எழுதிய அல்லது அங்குள்ள சொத்தைக் குறித்த உயில்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையும் நீக்கிவிட்டது. ஆனாலும் குடும்பத்துக்குள் உயில் மீது கடும் தகராறு இருந்தால், விருப்பத்தின் பேரில் புரோபேட் வாங்கி வைப்பது பலம். செலவும் காலமும் பிடிக்கும். தகராறே இல்லாத உயிலுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

6. வாடகைதாரருக்கு முதல் கடிதம் எழுதுங்கள். அதில் காலி செய்யச் சொல்லாதீர்கள்.

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், “நான்தான் ஓனர், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். வீடு போகப்போகிறது என்ற பயம் வந்த கணமே வாடகைதாரர் உங்கள் உயிலையும் சந்தேகப்படத் தொடங்குவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். முதலில் உங்களை வீட்டுக்காரராக ஏற்கட்டும்.

மாதிரிக் கடிதம்:

*ஐயா / அம்மா,*

*தேங்காய்த்திட்டு, ………… தெரு, கதவு எண் …… வீட்டின் கீழ்த்தளத்தில் தாங்கள் என் தந்தையாரிடம் வாடகைக்கு இருந்து வருகிறீர்கள். அவர் ………… அன்று காலமானார். மேற்படி வீட்டை ………… தேதியிட்ட உயிலின் மூலம் எனக்கு எழுதி வைத்துள்ளார். உயிலின் நகலும் இறப்புச் சான்றிதழின் நகலும் இத்துடன் உள்ளன. அசலை எந்த நாளிலும் என் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.*

*………… மாதம் முதல் வாடகை ரூ. ………-ஐ என்னிடம் நேரிலோ கீழ்க்கண்ட வங்கிக் கணக்கிலோ செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் என் தந்தையாரிடம் கொடுத்துள்ள முன்பணம் ரூ. ………-க்கு நான் பொறுப்பேற்கிறேன்.*

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாடகைதாரரின் உண்மையான கவலை பெரும்பாலும் அட்வான்ஸ் பணம்தான். அதற்கு நீங்கள் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்ததும் பலர் மறுபேச்சு இல்லாமல் வாடகையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடிதத்தை ஒப்புகையுடன் அனுப்பி, ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அஞ்சலகத்தில் ஒப்புகை வசதியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடிதம் கிடைக்கும் முன்பு அவர் நல்லெண்ணத்தில் உங்கள் அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்காதீர்கள். அதைப் பாக்கியாகக் காட்டினால் நீதிமன்றத்தில் உங்கள் மீதே நம்பிக்கை குறையும்.

7. வாடகையை வாங்கி ரசீது கொடுங்கள். உங்கள் பெயரில் ரசீது. இரண்டாம் நகலில் வாடகைதாரரின் கையெழுத்து. வங்கி வழியாக வந்தால் இன்னும் நல்லது.

எவரிடம் வாடகைக்கு வந்தாரோ அவருடைய உரிமையை, அந்த வாடகைக்குள் இருந்துகொண்டே வாடகைதாரர் மறுக்க முடியாது. அவருக்குப் பின் வந்த உங்கள் உரிமையைப் பற்றி அவர் கேள்வி கேட்கலாம். உங்கள் உரிமையைத் தெரிந்தே உங்களிடம் வாடகை கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியும் பெரிதும் அடைபட்டுவிடும். ஆகவே சில மாத ரசீதுகள் உங்கள் கையில் இருந்தால் உயில் சாட்சியின் மீது வழக்கு சாய்ந்திருக்கும் பாரம் பெருமளவு குறையும்.

“உயிலைக் காட்டுங்கள், பிறகு தருகிறேன்” என்று அவர் கேட்டால் அதை உரிமை மறுப்பு என்று எழுதாதீர்கள். புதிதாக வந்தவரிடம் ஆதாரம் கேட்பது அவருடைய உரிமை. 2002-இல் ஷீலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. எல்லா ஆதாரத்தையும் பார்த்த பிறகும், “இந்த வீடு உங்களுடையதே அல்ல” என்று கெட்ட எண்ணத்தோடு மறுத்தால், அதுவே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகும்.

ஒரு வழக்கு, நன்றாகக் கவனியுங்கள்

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜோதி சர்மா எதிர் விஷ்ணு கோயல் வழக்கு உங்கள் நிலைமையேதான். கடை 1953-இலிருந்து வாடகையில் இருந்தது. உரிமையாளர் 1999-இல் மருமகளுக்கு உயில் எழுதினார். மாமனார் இறந்த பிறகு, குடும்பத்தின் இனிப்பு, காரவகை வியாபாரத்தை விரிவாக்கக் கடை வேண்டும் என்று மருமகள் வழக்குப் போட்டார். கடை மாமனாருக்கே சொந்தமில்லை என்றார்கள் வாடகைதாரர்கள். மனைவிக்கு எதுவும் எழுதாத உயிலை எப்படி நம்புவது என்றும் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றத்திலும் அந்தப் பெண் தோற்றார்.

உச்ச நீதிமன்றத்தில் முடிவு மாறியது. மாமனார் எழுதிக் கொடுத்த வாடகைப் பத்திரத்தின் கீழ் பல்லாண்டு வாடகை கொடுத்தவர்கள் அவருக்கு உரிமையில்லை என்று இப்போது சொல்ல முடியாது. மனைவியைக் குறிப்பிடாதது ஒன்றை மட்டும் வைத்து உயிலைச் சந்தேகிக்க முடியாது. உயிலுக்குப் பின்னாளில் புரோபேட்டும் கிடைத்திருந்தது. சொந்தத் தேவையையும் நீதிமன்றம் ஏற்றது. பாக்கி 2000 ஜனவரியிலிருந்து கணக்காயிற்று. உறுதிமொழி கொடுத்தால் காலி செய்ய ஆறு மாதம் அவகாசம் என்றும் சொன்னது.

வெற்றிதான். ஆனால் அதற்குப் பிடித்த காலத்தைப் பாருங்கள். அந்த வருடங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் படி 1 முதல் 7 வரை.

இரண்டாம் கட்டம்: வழக்கு

8. காரணத்தை நேர்மையாகத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக எழுவது மூன்று:

வேண்டுமென்றே வாடகைப் பாக்கி. இதில் ‘வேண்டுமென்றே’ என்பதுதான் கனமான பகுதி. சுந்தரம் பிள்ளை வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் அதை விரிவாக ஆராய்ந்தது. அப்பா வாங்கிய அட்வான்ஸ் பாக்கியைவிட அதிகமாக உங்கள் கையில் இருந்தால் இந்தக் காரணம் எடுபடுவது கடினம்.

சொந்தக் குடியிருப்புத் தேவை, அல்லது நடத்தும் தொழிலுக்கான தேவை. யாருக்கு, எதற்கு, இப்போது அவர் எங்கே இருக்கிறார், அந்த இடம் ஏன் போதாது என்று தேதியோடு எழுதுங்கள். ஊரில் உங்களுக்கு வேறு வீடு இருந்தால் மறைக்காதீர்கள். வீட்டுவரிப் பதிவிலிருந்து ஒரு நாளில் அது வெளியே வரும்.

இடித்துக் கட்டுதல். இதற்கு வரைபட அனுமதியும் கட்டப் பணம் இருப்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள்.

மூன்றையும் சேர்த்துப் போட்டால் பலம் என்று சிலர் சொல்வார்கள். குடியிருக்கவும் வேண்டும், இடிக்கவும் வேண்டும் என்றால் எது உண்மை என்ற கேள்விதான் எழும். உங்களிடம் உண்மையாக இருக்கும் காரணத்தை மட்டும் போடுங்கள்.

9. நோட்டீஸ். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழான மனுவுக்குச் சொத்து மாற்றுச் சட்டப்படி குத்தகையை முடித்துவைக்கும் நோட்டீஸ் தேவையில்லை. தனபால் செட்டியார் வழக்கில் 1979-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அப்படித் தீர்த்தது. இருந்தாலும் வழக்கறிஞர் வழியாக ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். பதிலில் வாடகைதாரர் தன் நிலையை எழுத்தில் சொல்லிவிடுவார். பிறகு அதை மாற்றிப் பேசுவது அவருக்குக் கடினம்.

10. மனு. வாடகைதாரர் இறந்து குடும்பம் இருந்தால் அந்த வாரிசுகள் எல்லோரையும் சேருங்கள். ஒருவர் விடுபட்டாலும் கடைசியில் கதவருகே அவர் நின்று தடுப்பார். மனுவோடு உயில், இறப்புச் சான்று, மூலப் பத்திரம், முதல் கடிதம், ரசீதுகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் தாக்கல் செய்யுங்கள். வழக்கு நடக்கும்போது வாடகை நின்றுபோனால், பாக்கியைச் செலுத்த உத்தரவிடக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனுதாரர் பெண் என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. தேங்காய்த்திட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், கடலூர் சாலையிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். இதே உரிமை வாடகைதாரர் வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு.

பிரான்சிலோ வேறு நாட்டிலோ இருப்பவர்களுக்கு: பவர் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பவர் வாங்கியவர் மனுவில் கையெழுத்திடலாம், வாய்தாவுக்குப் போகலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்ததை உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சியாகச் சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் (2005) தீர்ப்பு இருக்கிறது. ‘எனக்கு இந்த வீடு தேவை’ என்பது அப்படிப்பட்ட விஷயம். விடுமுறையை வாய்தாவுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காணொளி வழியாகச் சாட்சி சொல்ல முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

11. கூண்டில். உயிலைப் பற்றிய சந்தேகங்களை அகற்றும் பொறுப்பு அதைக் கொண்டுவருபவருக்கே என்பது 1958-இல் தீர்ந்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து நிலைத்த விதி. எதிர்த்தரப்பு வழக்கமாகக் கேட்பவை: உயில் எழுதும்போது பெரியவர் படுக்கையில் இருந்தாரா? எழுத ஏற்பாடு செய்தது நீங்களா? மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் எதுவும் இல்லை? கையெழுத்து ஏன் நடுங்கியிருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதிலை, மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரத்தோடு தயாராக வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உயில் எழுதிய அன்று நீங்கள் அங்கே இல்லையென்றால் இருந்ததாகச் சொல்லாதீர்கள், இருந்திருந்தால் மறைக்காதீர்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

தண்ணீர்க் குழாயை மூடுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, வெளியூர் போன நேரத்தில் பூட்டு மாற்றுவது, ஆள் வைத்து மிரட்டுவது. இவற்றில் எதையும் செய்யாதீர்கள், செய்ய வருகிறேன் என்பவரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு குடும்பம். படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், வயதானவர்கள் இருப்பார்கள். சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கும். சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 6-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால், உரிமை யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் வீட்டை அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். குற்ற வழக்கும் வரும். பல மாதம் சேர்த்த கோப்பு ஒரு பூட்டினால் வீணாகும்.

12. சமரசமோ உத்தரவோ, எழுத்தில் முடியுங்கள். வழக்கின் எந்தக் கட்டத்திலும் லோக் அதாலத்துக்குப் போகலாம். பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம், கடைசி சில மாத வாடகைத் தள்ளுபடி, அட்வான்ஸ் முழுதும் சாவி கொடுக்கும் நாளில் என்று பேசி முடித்த ஒப்பந்தங்கள், மேல்முறையீடு வரை போய் வென்றதைவிட விரைவில் வீட்டைக் கையில் கொடுத்திருக்கின்றன. லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் தேதியையும் தொகையையும் ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

உத்தரவு வாங்கியும் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, அமீனா வழியாகத்தான் வீட்டை எடுக்க வேண்டும். அன்று அறை அறையாகப் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் பொருட்களுக்குப் பட்டியல் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். மின் மீட்டர் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் இருந்தால் கணக்கைத் தாளில் எழுதி, மீதியை வங்கி வழியாக அன்றே அனுப்புங்கள். சொந்தத் தேவை என்று வாங்கிய வீட்டில் அந்தத் தேவைக்குரியவரே குடியேறட்டும். வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால் பழைய வாடகைதாரர் மீண்டும் நீதிமன்றத்துக்கு வர முடியும். குடியேறிய தேதியைக் காட்டும் எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை முகவரி மாற்றம் போன்ற ஆவணங்களை வழக்குக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.